கடைசி அகப்பைத் தண்ணீர்

துளை உறையவில்லை.

ரைமோ கடப்பாறையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடையின் பனிக்கட்டிமேல் நின்றான். வெப்பமானி காலையிலிருந்து மைனஸ் இருபத்திரண்டைவிட்டு நகரவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் மூக்குக்குள் மயிர் விறைத்துக் குத்தியது. பதினோரு குளிர்காலமாக இதே இடத்தில்தான் பனிக்கட்டியைத் துளைத்து, நீராவிக் குளியலான சவுனாவுக்குத் தண்ணீர் மொள்கிறான். இரண்டு நாள் விட்டால் ஒரு சாண் கனத்துக்கு மூடிக்கொள்ளும் துளை அது. கால்மணி நேரம் இடித்தால்தான் வாளி உள்ளே போகும். இன்று ஐந்து நாள் கழித்து வந்திருக்கிறான். தண்ணீர் ஆடைகூடக் கட்டாமல் கறுப்பாகக் கிடந்தது.

குனிந்து பார்த்தான். துளையின் விளிம்பு முழுக்க நனைந்த பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதிலிருந்து விரல் நீளத்துக்கு இழைகள் தொங்கி, தண்ணீருக்குள் அசைந்தன. ஓடை வலமிருந்து இடமாகப் போகிறது. இழைகளோ வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. நீரோட்டத்துக்கு எதிராக. விமான நிலையம் இருக்கும் பக்கமாக.

வாசனையும் வந்தது. பாகு கருகப்போகும் நேரத்தில் அடுப்பிலிருந்து எழுகிற வாசனை. அதற்கு அடியில் வேறொன்று, முட்டை கெட்டது போல.

வாளியை முக்கினான். கைக்குக் கனமாக ஏறியது. இழைகளைக் கையுறையால் வழித்தெறிந்துவிட்டு, சரிவில் சவுனாக் குடிலை நோக்கி நடந்தான். என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

ஓடையின் தலைமாட்டில், நான்கு கிலோமீட்டர் தள்ளி விமான நிலையம். காலை ஐந்தரைக்குத் தெற்கே கிளம்பும் முதல் விமானத்தின் இறக்கைகளில் பனி பிடித்திருக்கும். அதைக் கரைக்க, இனித்து மணக்கும், உறையாத ஆரஞ்சு நிறத் திரவத்தைச் சூடாக்கிப் பீய்ச்சுவார்கள். அது இறக்கையில் வழிந்து, தரையில் வழிந்து, வடிகாலில் விழுந்து ஒரு குழியில் சேரும். குழியிலிருந்து பம்பு அதை மூடிய குளத்துக்குத் தள்ளும். வாரம் ஒருமுறை லாரி வந்து குளத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். பம்பு ரைமோவின் பொறுப்பு. கடுங்குளிரில் பம்பின் தொண்டையில் பனிக்கூழ் அடைத்துக்கொள்ளும். எடுக்க வேண்டுமென்றால் குழிக்குள் இறங்க வேண்டும், மேலே கயிறு பிடிக்க இன்னொருவன் வேண்டும், இரண்டு மணி நேரம் ஆகும். பம்புக்குப் பக்கத்திலேயே ஓர் இரும்புச் சக்கரம் இருந்தது. அதைத் திருப்பினால் மதகு திறந்து, குழி தானாக ஓடைக்குள் காலியாகிவிடும். இருபது நிமிடம்.

நவம்பரில் முதல்முறை அடைத்தபோது மேலாளர் கெய்யோவுக்குப் போன் செய்தான்.

"பம்பு அடைச்சிருச்சு, கெய்யோ. குழி நிரம்பிட்டே வருது."

"எத்தன வருஷமாப்பா அங்க இருக்க?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது வருஷம் கழிச்சும் உனக்குத் தாலாட்டு பாடணுமா? செய்யறதச் செய். எங்கிட்ட சொல்லாத."

ரைமோ சக்கரத்தைத் திருப்பினான். அதன்பிறகு போன் செய்யவில்லை. டிசம்பரில் வாரம் இரண்டுமுறை. ஜனவரியில், பம்பு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதையே விட்டுவிட்டான். பணிக்கு வந்ததும் கையுறையைப் போட்டான், சக்கரத்தைத் திருப்பினான், காப்பி போட்டான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர், வசந்தத்தில் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைத்துக்கொண்டான். அதற்குமேல் நினைக்கவில்லை.

*

அவன் மனைவி ஐலாவின் நெஞ்சில் ஒரு விசில் உண்டு. இருபத்தாறு வருடம் ரொட்டிக் கூடத்தில் மாவு தின்ற நுரையீரல். மூச்சு உள்ளே போகும்போது மெலிதாக, வெளியே வரும்போது நீளமாக, எங்கோ ஒரு கதவிடுக்கில் காற்று நுழைவது போல விசில் கேட்கும். ரைமோ அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குவான். அது நின்றால் விழித்துக்கொள்வான்.

சனிக்கிழமை சவுனாதான் அவளுக்கு மருந்து. சூடேறிய கற்களின்மேல் அகப்பையால் தண்ணீர் எறிந்து, நீராவி எழும்பி முகத்தில் அறையும்போது அவள் நெஞ்சு ஒரு மணி நேரத்துக்காவது திறக்கும். அந்தச் சனிக்கிழமையும் இருவரும் மேல்பலகையில் உட்கார்ந்தார்கள். அவரவர் துணியை விரித்து அதன்மேல். லினன் துணிகள், ஓரத்தில் ஐலா தைத்த பெயரின் முதல் எழுத்து. அவளுடையது சிவப்பு நூல், அவனுடையது நீலம். ஜன்னல்கட்டையில் எண்ணெய் விளக்கு எரிந்தது. அடுப்பில் பிர்ச் விறகு படபடத்தது.

அவள் முதல் அகப்பைத் தண்ணீரை எறிந்தாள்.

கற்கள் வழக்கம்போலச் சீறவில்லை. ஒரு கணம் சும்மா இருந்தன. பிறகு நீளமாக, யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல ஒரு சத்தம். நீராவி கனமாக வந்து தோளில் உட்கார்ந்தது. இனித்தது. ரைமோ உதட்டை நக்கிப் பார்த்துப் புறங்கையால் துடைத்தான்.

"அட" என்றாள் ஐலா. "ஏலக்காய் பன் வேகுற வாசன. நம்ம ரொட்டிக் கூடத்துல காலைல நாலு மணிக்கு வருமே, அதே."

"விறகுல பிசின் இருக்கும்."

"என்னவா வேணா இருக்கட்டும். கேளேன்."

"என்ன கேக்கணும்?"

"அதான், ஒண்ணுமே கேக்கல பாரு." அவள் மூச்சை இழுத்துக் காட்டினாள். உள்ளே போனது, வந்தது. விசில் இல்லை. வியர்வை வழியும் முகத்தோடு சிரித்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்து நாளாகியிருந்தது.

குளித்து முடித்து இறங்கும்போது அவள் எப்போதும் செய்வதைச் செய்தாள். சவுனாவின் பின்மூலையில் ஒரு குட்டிக் கிழவன் குடியிருக்கிறான், மனிதர்கள் குளித்தபின் கடைசிச் சூடு அவனுக்கு என்பது அவள் வீட்டு வழக்கம். அவள் அம்மா செய்தது, அவளும் விடவில்லை. கற்களின்மேல் கடைசி அகப்பையை எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலில் நின்று சொன்னாள்:

"இனி உன் முறை."

அதற்குப் பிறகு காலைவரை யாரும் உள்ளே போகக் கூடாது. ரைமோ இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனால் அன்று வாசலைத் தாண்டும்போது ஜன்னல் விளக்கைப் பார்த்தான். சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கி நீலமாக இருந்தது. கண்ணாடிக்கூட்டுக்குள் எண்ணெய் பாதிக்குமேல் மிச்சமிருந்தது.

*

அடுத்த வாரம் அவன் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து, இரண்டு வாளியைச் சரிவில் சுமந்துகொண்டு போனான். ஐலா மூக்கைச் சுளித்தாள்.

"இது குழாத் தண்ணி. மருந்து நாத்தம் அடிக்குது."

"ஓடைல பனிக்கட்டி மெல்லிசா இருக்கு. கால் உள்ள போயிரும்."

"மைனஸ் இருவதுல மெல்லிசாவா இருக்கும்? வயசாகுதுன்னு சொல்லு, வலிக்குதுன்னு சொல்லு. பொய் சொல்லாத."

குழாய்த் தண்ணீரைப் பனிமேல் கொட்டிவிட்டு அவளே வாளியோடு இறங்கினாள். அவன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் சக்கரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி மத்தியில் அண்டை வீட்டு அர்வி வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஓடையில் தூண்டில் போடுவதைத் தவிர உலகத்தில் வேறு வேலை இருப்பதாக அவருக்குத் தெரியாது. சமையல் மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். ஏழெட்டு டிரவுட் மீன்கள், வாயைப் பிளந்தபடி. செவுளுக்குள் வெள்ளைப் பஞ்சு அடைத்திருந்தது.

"பிடிக்கவே இல்ல. என் துளையில தலைய நீட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. கையால எடுத்தேன். ஓடைக்குள்ள காத்து இல்லடா ரைமோ. அதெல்லாம் மேல வந்து மூச்சுக்குப் பிச்சை எடுக்குதுங்க."

"குளிர் அதிகம்."

"என் அப்பன் காலத்துல மைனஸ் நாப்பது பாத்த ஓடை. குளிராம் குளிரு." அர்வி அவனைக் கண் கொட்டாமல் பார்த்தார். "நீதான அங்க குழாய்க்காரன். மேலேருந்து எதையாச்சும் அவுத்து விடுறீங்களா?"

"எல்லாம் குளத்துக்குத்தான் போகுது."

"உன் குளம் நல்லாருக்கட்டும். என் துளையில இப்ப என்ன வளருதுன்னு தெரியுமா? நேத்து கைய விட்டேன். பிடிச்சுக்கிச்சு. பாசி பிடிக்காதுடா. இது பிடிச்சுது."

அவர் மீனை எடுத்துக்கொண்டு போனபின் ஐலா துணியால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"ரைமோ. என்னப் பாரு. ஏதாச்சும் விடுறீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. குளிர்பதனப் பெட்டி உறுமியது. அவள் நெஞ்சில் விசில் கேட்கவில்லை. மூன்று வாரமாக வீட்டுக்குள்கூட இல்லை. அவள் இப்போது தினமும் சவுனாவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றான்.

"சத்தியமா?"

"இல்லன்னா இல்ல."

"சரி" என்றாள். அவனை நம்பினாள். முப்பத்துநான்கு வருடமாக அப்படித்தான்.

*

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. குளித்துவிட்டு இருவரும் முன்னறையில் துவட்டிக்கொண்டிருந்தார்கள். சவுனாக் கதவு மூடியிருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, எந்தச் சவுனாவுக்கும் கிடையாது. உள்ளே மயங்கிச் சாய்கிறவன் பாரத்தில் அது வெளிப்பக்கம் திறந்துகொள்ள வேண்டும். ஐலா கடைசி அகப்பையை எறிந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

உள்ளே அகப்பை வாளியில் மோதும் சத்தம் கேட்டது.

பிறகு அந்தச் சீறல். காற்றை உள்ளிழுக்கிற மாதிரி.

ரைமோவின் கை சட்டைப் பொத்தானில் நின்றது. ஐலாவைப் பார்த்தான். அவள் தலையைச் சாய்த்து, துண்டால் முடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"கிழவன் குளிக்கிறான்" என்றாள், பால்காரன் வந்திருக்கிறான் என்பது போல. "இந்த வருஷம் அவனுக்கும் நம்ம தண்ணி பிடிச்சிருக்கு. ரெண்டு அகப்ப, மூணு அகப்ப எறியறான். போன வாரம் ஏழு. எங்கம்மா இருந்தா சாமி கும்பிட்டிருப்பா, போ."

மறுபடி அகப்பை. மறுபடி சீறல். அதற்குப் பின்னால் பலகை முனகியது. கனமான ஒன்று மேல்பலகைக்கு ஏறுகிற முனகல்.

காலையில் அவன் மட்டும் போய்ப் பார்த்தான். அடுப்பில் விறகு பாதி எரிந்து அணைந்திருந்தது. கரியாகவில்லை, சாம்பலாகவில்லை. பாதியில் காற்று தீர்ந்துபோனதுபோல் அப்படியே நின்றிருந்தது. வாளி காலி. மேல்பலகையில், ஐலா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், ஈரமான ஒரு தடம். உட்கார்ந்த தடம். அகலமாக, ஓரங்கள் வழுவழுவென்று வெள்ளையாக. அதிலிருந்து தரைவரை ஒரு கோடு. கோடு தரையில் இருக்கும் வடிதுளைக்குள் போயிற்று. அந்தத் துளையின் குழாய் நேராக ஓடையில் திறக்கிறது. குழாயை வைத்தவன் அவன்தான்.

வெளியே வந்தான். பளீரென்ற வெயில், பனிமேல் கண் கூசியது. முன்கூரைக் கம்பியில் துணிகள் காய்ந்தன. சிவப்பு நூல் துணி. நீல நூல் துணி.

அதற்கு அடுத்து இன்னொன்று.

அதே நீளம். அதே அகலம். தூய வெள்ளை. தொட்டான். நூலில்லை. இழை இழையாக, சளி மாதிரி, பின்னிக்கொண்டு தொங்கியது. கீழ்முனையிலிருந்து சொட்டிய நீர் பனியில் இனித்து மணத்தது. மைனஸ் எட்டில் அது உறையவில்லை. ஓரத்தில், பெயரின் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஏதோ தைக்க முயன்றது போல ஒரு முடிச்சு.

குச்சியால் எடுத்துப் பனிக்குள் புதைத்தான். கையைப் பனியால் தேய்த்தான். மணம் போகவில்லை.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். குழிக்குள் இறங்கி, பம்பைத் திறந்து, அடைப்பை எடுத்திருக்கலாம். திங்கட்கிழமை காலை பணிக்குப் போய்ச் சக்கரத்தின் முன்னால் நின்றான். கையுறையைப் போட்டான். குழியில் ஆரஞ்சுத் தண்ணீர் முட்டி அளவு ஏறிக்கொண்டிருந்தது. வெளியே, ஓடை ஆரம்பிக்கிற இரும்புக் கிராதியில், வெள்ளை இழைகள் விரல்களைப் போலக் கம்பிகளைப் பற்றியிருந்தன. நான்கு கிலோமீட்டர் ஏறி வந்திருந்தன. கிராதியில் வாயை வைத்துக் காத்திருந்தன.

பசி. அதை அவன் பார்த்தான். இதற்குத் தீனி போடாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தான்.

சக்கரத்தைத் திருப்பினான்.

*

ஏப்ரல் கடைசியில் குளிர் ஒரே வாரத்தில் உடைந்தது. விமானங்களின் இறக்கையில் வெறும் மழைத்துளி. பீய்ச்சுகிற வண்டிகளைக் கழுவிக் கொட்டகையில் நிறுத்தினார்கள். கெய்யோ வந்து மதகுச் சக்கரத்தில் ஒரு சங்கிலியைச் சுற்றிப் பூட்டினான்.

"ஓடைய யாரோ போட்டோ எடுத்துப் போட்டிருக்கான். அடுத்த வாரம் ஆய்வுக்கு வர்றாங்க. நீ இதத் தொட்டதே இல்ல, சரியா?"

"சரி."

"நல்லவன்."

ஓடையில் பனிக்கட்டி பிளந்து தண்ணீர் தெளிந்தது. இனிப்பு போய்விட்டது. அந்த வாரமே ஐலாவின் விசில் திரும்பி வந்தது. பழையபடி இல்லை. உள்ளே போகும் மூச்சு பாதியில் மாட்டிக்கொண்டது. படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருந்துக் குழலை உறிஞ்சி உறிஞ்சிக் காலிசெய்தாள். சவுனாவில் வாளி வாளியாகத் தண்ணீர் எறிந்தாள். வெறும் தண்ணீர், வெறும் சூடு.

"என்னாச்சு இந்தத் தண்ணிக்கு?" என்று அழுதாள். "நல்லா இருந்துச்சே ரைமோ. நல்லாத்தான இருந்துச்சு."

இரவில் சமையலறைத் தொட்டியின் துளையில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. உறிஞ்சும் சத்தம். பிறகு குளியலறையில். அடுப்பு பற்றவைத்தால் சுடர் நிற்க மறுத்தது. காலையில் எழுந்தால் இருவருக்கும் தலை வலித்தது. ஒருநாள் அவன் கண்விழித்தபோது ஐலாவின் தலையணையில், அவள் வாயிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, ஒரு வெள்ளை இழை கிடந்தது. அசைந்தது. அவள் மூச்சு விடும்போது விலகி, இழுக்கும்போது நெருங்கி.

அடுத்த நாள் கொட்டகையிலிருந்து ஒரு கேனைத் திருடி வந்தான். மிச்சமிருந்த ஆரஞ்சுத் திரவம், இருபது லிட்டர். ஐலா கடைக்குப் போன நேரத்தில் ஓடையில் இறங்கி, பழைய துளை இருந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றினான். தண்ணீருக்கு அடியில் ஏதோ புரண்டது. கரையோரச் சேறு வெளுத்தது. அன்று தொட்டியில் சத்தமில்லை. அன்று மாலை சவுனாவில் ஏலக்காய் பன் மணத்தது, ஐலா நெஞ்சைத் தொட்டுச் சிரித்தாள்.

"பாத்தியா. திரும்பி வந்திருச்சு."

கேன் இரண்டு வாரம் வந்தது. கொட்டகையில் வேறு கேன் இல்லை. கடைசித் துளியை ஊற்றிவிட்டுக் கேனைக் கவிழ்த்துத் தட்டினான். தட்டின இடத்தில், தண்ணீருக்கு வெளியே, வெள்ளையாக ஒன்று எழும்பி, கேனின் வாயைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று.

*

மே மாதச் சனிக்கிழமை. மாலை ஏழு மணி, வெளியே இன்னும் வெளிச்சம். ஐலா அவனுக்காகக் காத்திருக்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது, நான் முன்னாடி போகிறேன் என்று துணியை எடுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில் அவனுடைய துணியையும் எடுத்துக்கொண்டாள்.

ரைமோ விறகு பிளந்துகொண்டிருந்தான். புகைபோக்கியைப் பார்த்தான். புகை மேலே போகவில்லை. புகைபோக்கியின் வாயிலிருந்து கூரைமேல் வழிந்து, சுவரில் வழிந்து, கீழே இறங்கியது. யாரோ கீழிருந்து இழுப்பது போல.

கோடாலியைப் போட்டுவிட்டு ஓடினான்.

முன்னறை இருட்டாக இருந்தது. அவள் செருப்பு, மடித்த சட்டை, மருந்துக் குழல். சவுனாக் கதவின் சிறு கண்ணாடி வெளுத்துப்போயிருந்தது. ஆவி படிந்த வெளுப்பு இல்லை. உட்புறம் எதுவோ அப்பியிருந்தது.

உள்ளிருந்து ஐலா கதவைத் தட்டினாள்.

"ரைமோ?"

"ஐலா."

"மூச்சு... வரல. தொற. கதவு... என்னால தள்ள முடியல."

கைப்பிடியைப் பிடித்தான். மரம் சூடாக இருந்தது. மறுபக்கத்தில் அவள் கைகள் அழுத்துவதை உணர்ந்தான், நெஞ்சுயரத்தில், பலமில்லாமல், குழந்தை தள்ளுவது போல. இன்னொரு அழுத்தமும் இருந்தது. கீழே. கதவின் முழு அகலத்துக்கும், மெத்தென்று, பொறுமையாக.

திறந்தால் இரண்டும் வெளியே வரும்.

அவன் திரும்பி, முதுகைக் கதவில் சாய்த்தான். குதிகாலைப் பலகையிடுக்கில் ஊன்றினான்.

"ரைமோ. தொற."

கொஞ்ச நேரம். அது போகட்டும். போனதும் திறந்துவிடலாம்.

"உங்கிட்ட... கேட்டேன்ல. அன்னைக்கு."

உள்ளே விசில் கேட்டது. நீளமாக. பிறகு குட்டையாக. அவள் நகம் மரத்தைச் சுரண்டியது. அவன் தோள்பட்டைக்குப் பின்னால், ஒரு விரற்கடை பலகைக்கு அப்பால்.

"நீதான" என்றாள்.

அவன் முதுகை இன்னும் அழுத்தினான்.

சுரண்டல் நின்றது. விசில் நின்றது. முப்பத்துநான்கு வருடத்தில் அது நின்றபோதெல்லாம் விழித்துக்கொண்டவன், கண்ணை மூடிக்கொண்டான்.

அகப்பை வாளியில் மோதியது. கற்கள் காற்றை இழுத்தன. பலகை முனகியது, ஒருமுறை. பிறகு, கொஞ்சம் இலேசாக, இன்னொருமுறை.

கதவைத் தள்ளிக்கொண்டிருந்த பாரம் இப்போது இல்லை. எதுவும் தள்ளவில்லை. அவன் மெல்ல மூச்சு விட்டான்.

விசில் கேட்டது.

மெலிதாக உள்ளே. நீளமாக வெளியே. காதைக் கதவில் வைத்தான். அங்கே இல்லை. மூச்சைப் பிடித்தான். விசில் நின்றது. விட்டான். கேட்டது.

அவன் நெஞ்சிலிருந்து.

காலுறை ஈரமாக இருந்தது. குனிந்தான். கதவின் அடியிடுக்கிலிருந்து வெள்ளை இழைகள் வந்து, கணுக்காலைச் சுற்றி, வெதுவெதுப்பாக, முழங்கால்வரை ஏறியிருந்தன. எப்போது ஏறின என்று தெரியவில்லை. வலிக்கவில்லை. காலைத் தூக்கப் பார்த்தான். பிடித்துக்கொண்டது.

மூச்சு பாதிதான் உள்ளே போனது.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு, வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அவனை ஓரமாக, மரியாதையாக நகர்த்திவிட்டுத் திறந்தது. ஏலக்காய் பன் மணம் முகத்தில் அறைந்தது. விளக்கின் சுடர் பட்டாணி அளவுக்கு, நீலமாக.

மேல்பலகையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஐலா அவள் துணியின்மேல், முதுகு நிமிர்ந்து, கைகள் தொடைமேல். அவள் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் வெள்ளையாக வழிந்தது பலகையில் இறங்கி, வடிதுளைக்குள் போயிற்று. அவள் மார்பு ஏறி இறங்கியது. ஆழமாக. விசிலே இல்லாமல். பக்கத்தில் இருந்ததற்கு முகம் இல்லை. அவள் உயரம், இதுவரை அவளிடமிருந்த கூன், அவள் உட்காரும் விதம். அதன் விலாக்கள் செவுள்போலத் திறந்து மூடின, அவள் மார்போடு சேர்ந்து, ஒரே தாளத்தில்.

இருவருக்கும் நடுவில் ஒரு துணி விரித்திருந்தது. லினன். சுருக்கம் நீவி, நீல நூல் எழுத்து மேலே தெரியும்படி.

"இனி உன் முறை" என்றாள் ஐலா, கண்ணைத் திறக்காமல்.

அகப்பை அவன் பக்கமாக நீண்டது. அதற்குள் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.